சாத்தன் குளத்தில் சாத்தான்

சுவிசேஷக் கிறிஸ்தவர்களுக்கும் அவர்கள் காலூன்றி நிற்கும் மண்ணுக்கும் என்ன உறவு என்ற கேள்விக்குத் தயாராக இரண்டு பதில்கள் இருக்கின்றன. 1967ல் லின் வைட் என்ற அமெரிக்கச் சரித்திராசிரியர் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் எழுதிய கட்டுரை முதல் பதில். பூமியைக் கீழ்ப்படுத்தி ஆளும் உரிமை மனிதனுக்கு உண்டு என்று ஆதியாகமத்திலிருந்து கற்றுக்கொண்ட மேற்கத்தியக் கிறிஸ்தவம்தான் இன்றைய சீரழிவின் வேர் என்பது அவர் கட்சி. மூன்றே வருஷத்தில், 1970ல், சுவிசேஷத் தரப்பிலிருந்து ஃபிரான்ஸிஸ் ஷேஃபர் ஒரு சிறு புத்தகத்தில் பதில் சொன்னார். உரிமை என்று படித்தது தவறு, படைத்தவனுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டிய காரியஸ்தன்தான் மனிதன் என்பது அவர் வாதம். 2010ல் கேப்டவுனில் கூடிய லௌசான் மாநாடு இதை அறிக்கையாகவே எழுதி வைத்துவிட்டது. படைப்பைப் பேணுவது சுவிசேஷத்துக்கு வெளியே உள்ள காரியமில்லை என்று ஒப்புக்கொண்டாயிற்று. சந்தோஷம். ஆனால் இரண்டு கட்சிக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை இருக்கிறது. மனிதன் முதலில் ஒரு கோட்பாட்டை ஏற்கிறான், பிறகு அதன்படி மரத்தை வெட்டுகிறான் அல்லது வெட்டாமல் விடுகிறான் என்ற நம்பிக்கை. தாமிரபரணிக்குத் தெற்கே, சாத்தான்குளத்துப் பக்கம் காரியங்கள் இந்த வரிசையில் நடக்கவில்லை. அங்கே கோட்பாட்டுக்கு முன்பாகவே சொல்லில் ஒரு விபத்து நேர்ந்துவிட்டது. அதைப் பற்றி இறையியல்காரர்கள் பேசமாட்டார்கள். விமர்சகன்தான் பேசவேண்டும்.

ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்கலாம். 2020 ஜூனிலிருந்து இந்தப் பெயர் காவல் நிலையக் கொடுமைக்காக நாடெங்கும் தெரிந்த பெயர். அதற்கு முன்பு வெளியூர்க்காரர்கள் கேட்டதும் சிரிக்கிற பெயர், பிசாசுக்கு ஒரு குளமா என்று. சாத்தன் என்ற சொல் எவ்வளவு பழையது என்பதை இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணிமேகலை பாடியவர் சாத்தனார். கோவலனின் தகப்பன் மாசாத்துவான். சிலப்பதிகாரத்தில் வரும் பாசண்டச் சாத்தன் தெய்வம். சாத்தன், சாத்தா, சாஸ்தா, ஐயனார் என்று பல பெயர்களில் குளக்கரையிலும் ஊரெல்லையிலும் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். சாத்தான்குளத்தைச் சாத்தனின் குளம் என்றே நான் படிக்கிறேன். இன்னொரு பக்கம், எபிரேயத்தில் எதிராளி என்று பொருள்படும் ஒரு சொல் பல மொழிகளைக் கடந்து வந்து தமிழ் வேதபுத்தகத்தில் சாத்தான் என்று எழுத்தேறியது. இரண்டுக்கும் பிறவித் தொடர்பு எதுவும் இல்லை. ஓசை ஒன்றாகப் போனது தற்செயல். ஆனால் மொழியில் தற்செயல் வெகுநாள் தற்செயலாக இருப்பதில்லை. தண்ணீரைக் காத்தவனின் பெயரும் மனுஷகுலத்தைக் கெடுத்தவனின் பெயரும் ஒரே வாயில் ஒரே ஓசையில் வருகிறபோது, எது எதை விழுங்கும் என்பது யார் உரக்கப் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அந்த நிலத்தையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். மேற்கு மலையின் மழைமறைவு. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் மேல்காற்று. அந்தக் காற்று புரட்டிப் புரட்டிப் போட்ட சிவப்பு மணல் மேடுகள். சாத்தான்குளத்திலிருந்து குதிரைமொழி வரைக்கும் இதற்குத் தேரி என்று பெயர். மணலுக்கு அந்த நிறம் இரும்பு ஆக்ஸைடால் வருகிறது. நடுவில் கருமேனியாறு, பெரும்பாலான மாதங்களில் பெயருக்கு ஆறு. இந்த மணலைப் பிடித்துவைத்தது பனை. இதற்குள் தண்ணீர் எங்கே ஊறுகிறதோ அங்கே ஒரு ஐயனார் இருக்கிறான். மேலப்புதுக்குடியில் தேரி நடுவில் ஒரு சுனை. அங்கேயுள்ளவன் பெயரே அருஞ்சுனை காத்த ஐயனார். தேரிக்குடியிருப்பில் கற்குவேல் ஐயனார். கார்த்திகைக் கடைசியில் அங்கே கள்ளர்வெட்டு நடக்கிறது. இளநீரை வெட்டியதும், அந்தத் தண்ணீர் சிந்திய தேரி மண்ணை ஜனங்கள் அள்ளி முடிந்துகொண்டு வீட்டுக்கும் வயலுக்கும் கொண்டுபோகிறார்கள். மண் அங்கே மண்ணாகவே புனிதமாகிறது. இன்னொன்றுக்கு அடையாளமாக நின்று ஆகவில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அதே தேரியில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தால் காதில் விழுகிற சொற்கள் எவை? வறண்ட நிலம், வனாந்தரம், ஜீவத்தண்ணீர், ஊற்று, விதைப்பு, அறுவடை, பின்மாரி, கனிகொடாத மரம். ஒரு வேளாண்மைக் கல்லூரியில்கூட நிலத்தைப் பற்றி ஒரு ராத்திரியில் இத்தனை சொற்கள் புழங்காது. ஆனால் வறண்ட நிலம் என்றால் கேட்பவனின் இருதயம். அறுவடை என்றால் ஆத்துமாக்கள். பின்மாரி என்றால் ஆவியானவர். வனாந்தரம் என்றால் சோதனைக் காலம். கேட்கிற ஜனங்களோ நிஜமான வறண்ட நிலத்தில், நிஜமான மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். பிரசங்கியார் வறண்ட நிலம் என்று பத்துத் தடவை சொல்கிறார். ஒருவர்கூடக் குனிந்து தரையைப் பார்ப்பதில்லை. உருவகம் தன் மூலப்பொருளைத் தின்று தீர்த்துவிட்டது. நம் புதுக்கவிதைக்காரர்கள் சிலருக்கும் இந்த வியாதி உண்டு. அவர்களுடைய பாலைவனத்தில் கால் சுடாது. ஆனால் ஒரு கவிஞனின் உருவகம் கெட்டுப்போனால் ஒரு தொகுப்பு வீணாகும், அவ்வளவுதான். ஒரு ஜனக்கூட்டத்தின் அத்தனை நிலச் சொற்களும் ஆத்துமக் கணக்கில் செலவாகிவிட்டால், நிலத்துக்கு ஒன்று வருகிறபோது பேசுவதற்குக் கையில் சொல்லே மிஞ்சாது.

வருஷத்தில் ஒருநாள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அறுப்பின் பண்டிகை. வாழைத்தார், கோழி, பூசணி, கருப்புக்கட்டிச் சிப்பம் எல்லாம் கோவிலுக்குள் வந்து ஏலம் போகும். அன்றைக்கு அறுப்பு என்றால் அறுப்பு. இதை நாட்டுப்புறத்தனம் என்று கூச்சப்படுகிற படித்த கிறிஸ்தவர்கள் உண்டு. அந்த ஏலச் சத்தத்தில் உள்ள ஆரோக்கியம் மேடைப் பிரசங்கத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

சுவிசேஷத்தார் நிலத்தை அசட்டை செய்தார்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. சரித்திரம் அதற்கு நேரெதிர். 1799ல் சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில், துன்பப்பட்டு ஓடிவந்த முதல் கிறிஸ்தவர்களுக்காக நிலம் வாங்கி முதலூர் உண்டாயிற்று. பின்னால் ரேனியஸ் ஐயர் இதே முறையில் ஊர் ஊராக உண்டாக்கினார். 1832ல் தமிழில் பூமி சாஸ்திரம் எழுதிய மனிதர் அவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். வேல்ஸிலிருந்து வந்த ஜான் தாமஸ் ஐயர் மெய்ஞ்ஞானபுரத்தில் 1870ல் சாகும்வரை இருந்தார். ஏறக்குறைய 190 அடி உயரத்துக்குக் கோபுரம் எழுப்பினார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மணல் பறக்கிற அந்த இடத்தில் அவர் கிணறு வெட்டித் தோட்டம் போட்டதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இன்னும் மேற்கே, மலையடிவாரத்தில், டோனாவூர். ஏமி கார்மைக்கேல் அங்கே கோவில்களிலிருந்து மீட்ட குழந்தைகளை வளர்த்தார். கோவிலும் மரத்தடித் தெய்வமும் அவருக்குச் சந்தேகமில்லாமல் சாத்தானின் ராஜ்யம். 1903ல் வந்த புத்தகத்தில் ஒளிவுமறைவில்லாமல் அதை எழுதியிருக்கிறார். அதே பெண்மணி 1917ல், குழந்தைகள் வெயிலுக்கு ஒதுங்க மலையில் நரைக்காடு என்ற காட்டை விலைக்கு வாங்கினார். வெட்டி விற்கவில்லை, தேயிலை போடவில்லை. டோனாவூர் ஐக்கியத்தின் அந்தக் காடு இன்றைக்கும் காடாகவே, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்கு நடுவில் இருக்கிறது. லின் வைட்டின் சூத்திரத்தின்படி இது நடந்திருக்கக்கூடாது. ஷேஃபரின் புத்தகம் வர இன்னும் ஐம்பத்து மூன்று வருஷம் பாக்கி.

ஆகவே செயல் இருந்திருக்கிறது. சொல் இல்லை. கிணறு வெட்டியவர் அதைச் சரீரப் பிரகாரமான உதவி என்ற கணக்கில் எழுதினார், ஆத்தும இரட்சிப்புக்குத் துணைக் காரியமாக. ஊருக்குப் பெயர் வைக்கும்போது இது இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. மெய்ஞ்ஞானபுரத்துக்கு முந்தின பெயர் நெடுவிளை. டோனாவூர் இருக்குமிடத்தின் பழைய பெயர் புலியூர்க்குறிச்சி. பணம் கொடுத்த பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயர் அதன்மேல் ஏறியது. விளை, குடி, குறிச்சி, மொழி, குளம் என்று முடிகிற பெயர்கள் ஒவ்வொன்றும் அந்த இடத்தில் என்ன இருந்தது, யார் இருந்தார்கள் என்ற ஞாபகம். அவற்றின்மேல் ஞானமும் பிரகாசமும் நாசரேத்தும் எழுதப்பட்டன. ஒடுக்கப்பட்டவனுக்குப் புதுப்பெயர் விடுதலைதான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் புலியூர் போய் டோனாவூர் வந்தபோது புலியும் ஞாபகத்திலிருந்து போய்விட்டது. பின்னால் சர்க்கார் வந்து 1988ல் காப்பகம் என்று பலகை மாட்டித்தான் புலியை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. கால்டுவெல் இடையன்குடியை இடையன்குடியாகவே விட்டார். அந்த மட்டில் அவருக்கு ஒரு காது இருந்தது.

இலக்கியம் இந்த இடைவெளியை நிரப்பியிருக்க வேண்டும். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1853ல் தேரியோரத்துச் சாயர்புரத்தில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர். 1894ல் இரட்சணிய யாத்திரிகம் வந்தது. சந்த வளத்தில், பக்தியின் தீவிரத்தில், நூற்றாண்டின் இறுதியில் அதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அதில் வரும் ஆறும் சோலையும் கம்பன் வீட்டு ஆறும் சோலையும். பாதை பனியனுடையது. அழியப்போகிற நகரத்தைவிட்டு நித்திய நகரத்துக்கு ஓடுகிற யாத்திரை. ஓடுகிறவன் வழியில் எந்த மரத்தையும் பெயர் சொல்லி அழைக்கமாட்டான், அழைத்தால் பயணம் தடைப்படும். சாயர்புரத்துச் செம்மண் அந்த மகாகாவியத்தின் பக்கங்களில் எங்கேயும் ஒட்டிக்கொள்ளவில்லை. வேதநாயக சாஸ்திரியார் 1800லேயே பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். குறவஞ்சி மலையையும் பறவையையும் மீனையும் பட்டியல் போட்டே தீரவேண்டிய வடிவம். வடிவத்தின் பலவந்தத்தால் பூமி உள்ளே வந்தது. அந்த வாசலை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அகலப்படுத்தவில்லை. கிறிஸ்தவக் கீர்த்தனை உள்முகமாகத் திரும்பிக்கொண்டது.

இந்த இடத்தில் நம்மவர்களில் சிலர் குதூகலமாகத் தலையாட்டுவார்கள். ஐயனார் இருந்தவரை காடு இருந்தது, வேதம் வந்தது காடு போயிற்று என்று. நகரத்து அறையில் உட்கார்ந்து சாஸ்தாவைக் கண்டுபிடிக்கிறவர்களின் சௌகரியமான கதை இது. ஐயனார் கோவில்களின் சோலைகளும் சிமெண்டுத் தளமாகிக்கொண்டுதான் இருக்கின்றன. சாத்தனின் பக்தர்கள் காத்திருந்தால் குளங்கள் ஏன் தூர்ந்தன? அது கிடக்கட்டும். அவர்கள் மறக்கிற முக்கியமான விஷயம், பனைமேல் ஏறினவன் யார் என்பது.

கால்டுவெல் 1849ல் ஆங்கிலத்தில் எழுதிய சிறு நூல் அந்த ஜாதியாரை இழிவாகச் சித்திரித்தது. பின்னால் அவர்கள் கொதித்தெழுந்ததில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்த உழைப்பின் கடுமையை அவர் கண்ணால் பார்த்து எழுதினார். விடியுமுன் ஏறி, சாயங்காலம் திரும்ப ஏறி, நெஞ்சு தேய்ந்து, ஒருநாள் விழுந்து செத்துப்போகிற வாழ்க்கை. சபை கொடுத்த பள்ளிக்கூடம் அதிலிருந்து வெளியேறும் ஏணி. தேரியிலிருந்து சென்னைக்கும் பம்பாய்க்கும் கடை வைக்கப் போனவர்களின் தாத்தாக்கள் பனையிலிருந்து இறங்கியவர்கள். அவர்களிடம் போய் பனையைப் பேணுங்கள் என்று சொல்வது எவ்வளவு எளிது. பனையை விட்டு ஓடியது பாவமில்லை. இதைச் சொல்லாமல் இந்தப் பிரதேசத்தில் மரத்தைப் பற்றி எழுதப்படும் எதுவும் பொய்யாகிவிடும். ஹெப்ஸிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) பெரிய சப்தமில்லாமல் இதைச் செய்தது. கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடு அது. பனை அங்கே அழகுக்காக நிற்கவில்லை. பனையேறி தங்கராஜுக்கும் லிஸிக்கும் நடுவில் நிற்கிறது, ஒரே வேதத்தைப் படிக்கிறவர்களை மேலே கீழே என்று பிரித்துவைக்கிற மரமாக. தமிழ்க் கிறிஸ்தவ எழுத்தில் பனை உருவகமாகாமல், வியர்வையும் விலையுமுள்ள மரமாக வந்த முதல் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அந்த நாவலின் முக்கியத்துவத்தைக் காதல் கதையில் தேடுகிறவர்கள் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

சொல் இல்லாததன் விலை என்ன என்பது 2007ல் தெரிந்தது. தேரி மணலில் இல்மனைட் இருக்கிறது, டைட்டானியத்துக்கு மூலப்பொருள். டாடா ஸ்டீல் கம்பெனி 2002ல் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்து, சாத்தான்குளம் பக்கத்திலும் ராதாபுரம் பக்கத்திலுமாக ஆயிரக்கணக்கான ஏக்கர் கேட்டது. 2007ல் எதிர்ப்பு கிளம்பியது. கட்சிகள் வந்தன, கருத்துக் கேட்டார்கள், திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் அந்த விவாதம் பெரும்பாலும் நடந்த பாஷையைக் கவனித்தால் ஏக்கர், விலை, வேலை என்ற மூன்று சொற்களைச் சுற்றியே நடந்தது. தலைமுறை தலைமுறையாக வேதம் வாசித்த ஒரு பிரதேசம். தகப்பன்மார் கொடுத்த நிலத்தை ராஜாவுக்கு விற்கமாட்டேன் என்று சொல்லிக் கல்லெறிபட்டுச் செத்த நாபோத்தின் கதை அவர்களுக்கு ஞாயிறு பள்ளியிலேயே பாடம். அந்தக் கதை அங்கே ஒரு கோஷமாகக்கூட எழும்பவில்லை. நாபோத்தின் திராட்சத்தோட்டமும் அதற்குள் ஏதோ ஓர் ஆத்தும சத்தியத்துக்கு உருவகமாகிவிட்டிருந்ததுதான் காரணமென்று நினைக்கிறேன்.

கொஞ்சம் தெற்கே, கத்தோலிக்கக் கடற்கரையில், இடிந்தகரையில் 2011ல் லூர்து மாதா கோவில் முற்றமே போராட்டப் பந்தலானது. அணுஉலை பற்றிய சரிதப்புக்குள் நான் போகவில்லை. அங்கே கோவிலும் கடலும் ஒரே பேச்சில் சேர்ந்து வந்தன என்பதை மட்டும் சொல்கிறேன். தினம் கடலுக்குள் போகிறவனுக்குக் கடல் உருவகமாவதில்லை, ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) அதற்குச் சாட்சி. தேரிக்காரன் பனையிலிருந்து இறங்கிவிட்டான். இறங்கியது நியாயம். இறங்கிய பிறகு மரத்தோடு பேச இன்னொரு பாஷை அவனுக்கு வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை.

இப்போது கிடைப்பது மொழிபெயர்ப்பு. கேப்டவுன் முதலான அறிக்கைகளின் தமிழ். 'படைப்பின் ஒருமைப்பாடு', 'பசுமைச் சபை'. தென்னிந்தியத் திருச்சபை சூழலியலுக்கென்று ஒரு துறையே வைத்திருக்கிறது. செடி நடுகிறார்கள், நல்ல காரியம். ஆனால் இந்தச் சொற்களைச் சொல்லி ஒரு கிழவி ஜெபம் பண்ணமாட்டாள். ஜெபத்தில் வராத சொல் சுவிசேஷக் கிறிஸ்தவனுக்கு அலுவலகச் சொல்.

காட்சன் சாமுவேலின் 'பனைமரச் சாலை' இந்த விஷயத்தில் ஒரு திருப்பம். மெதடிஸ்ட் சபைப் போதகர், மும்பையிலிருந்து நாகர்கோவில்வரை மோட்டார் சைக்கிளில் பனையைத் தேடிக்கொண்டே வருகிறார். பிரயாண நூல்தான், காவியமில்லை. உற்சாகம் சில இடங்களில் பிரசங்கத்துக்குச் சரிகிறது. இருந்தாலும் யாத்திரை என்ற கிறிஸ்தவ வடிவம் அதில் தலைகீழாகியிருக்கிறது. பனியனின் யாத்திரிகன் வழியிலுள்ளதை விட்டு ஓடினான். இவர் வழியிலுள்ளதைப் பார்ப்பதற்காக நிற்கிறார். ஒரு போதகர் பனையேறியின் முன்னால் உபதேசிக்க அல்லாமல் கேட்க உட்காருகிறார். கிருஷ்ணபிள்ளைக்குப் பிறகு இதற்கு நூற்றுச் சொச்சம் வருஷம் ஆகியிருக்கிறது.

வேதத்துக்குள்ளேயே சொல் இல்லாமலும் இல்லை. சண்டை முழுவதும் ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் கீழ்ப்படுத்துதலைச் சுற்றியே நடக்கிறது. இரண்டாம் அதிகாரத்தில், மனிதனைத் தோட்டத்தில் வைத்ததற்கு இரண்டு வினைகள் வருகின்றன. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஒன்று பண்படுத்துவது, இன்னொன்று காப்பது. மேலப்புதுக்குடி ஐயனாரின் பெயரிலுள்ள அதே வினை. சுனையைக் காத்தவனும் ஏதேனைக் காக்க வைக்கப்பட்டவனும் தமிழில் ஒரே வேலைக்காரர்கள். மொழிபெயர்த்தவர்கள் இதை நினைத்துச் செய்திருக்கமாட்டார்கள். சாத்தான் விஷயத்தில் தற்செயல் கெடுத்தது, இங்கே அதே தற்செயல் கொடுத்திருக்கிறது. எந்தப் பிரசங்கியாரும் இதை எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று. எபிரேயத்தில் ஒரே மரந்தான், பேரீச்சை. யாத்திராகமத்தில் ஏலீமின் எழுபது மரங்களைத் தமிழில் பேரீச்சை என்றே எழுதினார்கள், எரிகோ பட்டணத்தின் மரங்களையும் அப்படியே. 92ம் சங்கீதத்தில் நீதிமானுக்கு உவமையாக வரும்போது அந்த மரம் பனையாகிவிட்டது. பவர் ஐயரும் பண்டிதர்களும் 1871ல் முடித்த திருத்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் பிழை என்று சொல்லிவிடலாம். அங்கே மரம் பாலஸ்தீனத்து மரமாக இருந்தால் போதாது, கேட்கிறவன் வீட்டுக்குப் பின்னால் காற்றில் நின்று அசைகிற மரமாக இருக்கவேண்டும் என்று ஒரு காது தீர்மானித்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பு அதைப் பேரீச்சை என்று திருத்திவிட்டது. தாவர சாஸ்திரப்படி திருத்தம் சரி. மெய்ஞ்ஞானபுரத்திலும் முதலூரிலும் சாத்தான்குளத்திலும் சுவிசேஷச் சபைகள் இன்னும் பழையதைத்தான் வாசிக்கின்றன.